பம்பரில் ஏறிக் குதித்தவர்கள்

அந்த வருடம் பெய்த மழை மலைப்பாதையை அடையாளமே தெரியாதபடி மாற்றிவிட்டது. மண் கரைந்து ஓடியதில், அதுவரை பூமிக்குள் பதுங்கிக் கிடந்த பாறைகளெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தன. மேலே இருக்கும் ஏரிக்கு ஆட்களை ஏற்றிப் போகிற பச்சை வண்டி அந்தப் பாறைகளைத் தாண்டும்போதெல்லாம் அதன் வயிறு உரசியது. அந்தச் சத்தம் கேட்டால் யாரோ தன் முதுகையே சுரண்டுவது போலிருக்கிறது என்று வண்டியை ஓட்டுகிறவன் வீட்டில் வந்து புலம்பினான்.

வீடும் பட்டறையும் ஒரே கட்டடம்தான். கீழே இரண்டு வண்டி நிற்கிற அளவுக்குப் பட்டறை, மேலே சமையலறையும் இரண்டு அறைகளும். பட்டறை மனைவியுடையது, பாதை கணவனுடையது. அவள் மெக்கானிக். பேருந்துப் பணிமனையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு சொந்தமாக ஷட்டர் திறந்தவள். அவன் டிரைவர். ஏரிக்குப் போகிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள், நடந்து ஏறப்போகிறோம் என்று கிளம்பிப் பாதி வழியில் மனம் மாறுகிறவர்கள் எல்லோரும் அவன் வண்டியில்தான் ஏறுவார்கள். அவள் சரிசெய்து கொடுப்பாள், அவன் கெடுத்துக்கொண்டு வருவான் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். இருவரும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

உரசல் பொறுக்காமல் போனதும் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்தாள். வண்டியை நாலு விரல் உயரம் தூக்கிவிடலாம் என்றாள். சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்கி நிற்கிற பழைய பட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்னும் நீளமாக, இன்னும் வளைவாகப் புதுப் பட்டைகள் செய்யச் சொன்னாள். அவை வந்து சேர்ந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு, வேறு வேலை எதையும் கையில் எடுக்காமல், ஒவ்வொரு போல்ட்டாக மாட்டினாள். சாப்பிடக் கூப்பிட்டால்கூட வண்டிக்கடியிலிருந்து ஒரு கால்தான் பதில் சொல்லும். கடைசியில் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கித் தெருவில் நிறுத்தியபோது, அது குதிகால் செருப்புப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியது போல நிமிர்ந்து நின்றது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்க்கடைக்குப் போய் அங்கிருந்தும் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தாள்.

தெருவில் இருந்த வேகத்தடைகளில் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். மெத்தை மேல் போவது போலிருந்தது. கடைத்தெருவைச் சுற்றி, பாலத்தைத் தாண்டி, தார்ச்சாலை முடியும் இடம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் டிரைவர் தனியாக மலைப்பாதைக்கு எடுத்துப் போனான். திரும்பி வந்தபோது முகம் பேயடித்த மாதிரி இருந்தது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னான். "வயிறு உரசல. ஆனா வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்புது."

"நீங்க திருப்பினா திரும்பத்தானே செய்யும்?" என்றாள் மெக்கானிக்.

"நான் திருப்பல."

அவ்வளவுதான், பிடித்தது சண்டை. அவன் சொன்னது இதுதான். முன்சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறினால் வண்டி சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்குகிறது, நேராகப் பிடித்திருக்கும்போதே ஒதுங்குகிறது, அந்தப் பக்கம் பள்ளம் இருந்திருந்தால் கதை கந்தல். அவள் நம்பவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே பாதைக்கு ஓட்டிப் போனாள். அவன் காட்டிய அதே கல்லின் மேல் ஏற்றினாள். வண்டி சாதுவாக ஏறி இறங்கியது. பின்னால் வந்து மறுபடி ஏற்றினாள், மறுபடியும் அப்படியே. புருவத்தை மட்டும் லேசாகத் தூக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் புருவத்துக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தவிக்கிறவன் அவன். உன்னைக் கண்டால் மட்டும் வண்டி பூனையாகிவிடுகிறது என்று முணுமுணுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. காலையில் அவன் ஓட்டினால் வண்டி ஒதுங்கும். சாயங்காலம் அவள் ஓட்டினால் நேராகப் போகும். பட்டை சரியில்லை என்று அவன் சொன்னால், பிடிக்கிற கை சரியில்லை என்று அவள் சொல்வாள். குழம்பில் உப்புக் கூடிப்போனால்கூட அதற்கும் ஸ்டியரிங்குக்கும் ஒரு முடிச்சு விழுந்தது. மெல்ல மெல்ல அவன் பாதைக்குப் போவதையே குறைத்துக்கொண்டான். ஏரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களிடம் பாதை இன்னும் காயவில்லை என்றான். பாதை காய்ந்து தூசி பறந்துகொண்டிருந்தது. மற்ற நேரமெல்லாம் வண்டியைக் கழுவினான். கழுவி முடித்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் அதைப் பட்டறையிலிருந்து கவனித்தாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் சண்டை போடுவது சுலபமாக இருந்தது, கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்தச் சண்டை தொலைபேசி வழியாக டிரைவரின் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. மெக்கானிக்குக்கு நாத்தனார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே, குறுகலான தெருக்களில், தினமும் ஒரு பெரிய பேருந்தைக் கீறல் படாமல் நுழைத்து எடுக்கிறவள் என்பதால், ஓட்டுவது சம்பந்தமாகத் தன் வார்த்தைக்கு மேல்முறையீடு கிடையாது என்பது அவள் எண்ணம். பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்து, ஒரு ஃபிளாஸ்க் டீயோடும் வெயில் கண்ணாடியோடும் வந்து இறங்கினாள். இருவரையும் மாறி மாறிப் பேசவிட்டுக் கேட்டாள். பிறகு, யாரும் சொல்லாமலே டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் ரெண்டு பேரும் கட்சிக்காரர்கள், தீர்ப்பு நான் சொல்கிறேன் என்றாள்.

மூன்று பேரும் கிளம்பினார்கள். மெக்கானிக் முன்னால் பக்கத்து இருக்கையில், டிரைவர் பின்னால். தார்ச்சாலை முடிந்து பாதை தொடங்கியது. நாத்தனார் சிரமமே இல்லாமல் ஓட்டினாள். ஒரு கை ஜன்னலில், இன்னொரு கையின் இரண்டு விரல்கள் ஸ்டியரிங்கில். இடையில் தன் பேருந்தில் பிள்ளைகள் ஒரு ஓணானை ஏற்றிவிட்ட கதையைச் சொன்னாள். கல், பள்ளம், ஓடைக்கரை எல்லாவற்றிலும் வண்டி நேராகவே போனது. டிரைவர் காட்டிய கல்லும் வந்து, தாண்டிப் போனது. ஏரிக்கரையில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு நாத்தனார் பின்னால் திரும்பினாள்.

"தம்பி, தப்பா நினைக்காத. வண்டி தங்கம். உனக்குத்தான் என்னவோ ஆயிருக்கு" என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். மெக்கானிக் ஜெயித்துவிட்டாள். ஆனால் டிரைவர் கதவைத் திறந்து இறங்கி, தண்ணீர் ஓரமாகப் போய் நின்றதைப் பார்த்தபோது, ஜெயித்ததில் அவளுக்கு ஒரு துளிகூட ருசி இல்லை. நின்றுகொண்டே அவன் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரித்துப் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் செய்தான்.

இறங்கும்போதும் நாத்தனாரே ஓட்டினாள். ஏரியிலிருந்து சற்றுத் தூரத்தில் ஒரு செங்குத்தான சரிவு உண்டு. ஏறும்போது வானம்தான் தெரியும், அதனால் பயமில்லை. இறங்கும்போது கீழே இருப்பதெல்லாம் தெரியும். அதன் முனையில் வந்து நின்றதும் நாத்தனாரின் பேச்சு நின்றது. ஜன்னலில் இருந்த கை உள்ளே வந்தது. பேருந்துப் பாதையில் இந்த மாதிரிச் சரிவு கிடையாது. அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல இறக்கினாள்.

பாதி சரிவில் முன்சக்கரம் ஒரு பாறையின் மேல் ஏறியது. வண்டி இடது பக்கமாகச் சட்டென்று ஒதுங்கியது. நாத்தனார் பிரேக்கை மிதித்தாள். மண் சரிந்து, ஒரு புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கியபடி வண்டி நின்றது. ஃபிளாஸ்க் உருண்டு வந்து மெக்கானிக்கின் காலடியில் முட்டியது. இலைகள் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

முதலில் பேசியது நாத்தனார்தான். கை இன்னும் ஸ்டியரிங்கிலேயே இருந்தது. "நான் திருப்பல" என்றாள்.

பின்னால் இருந்து ஒரு சத்தம் வந்தது. டிரைவர் சிரிக்கிறான் என்று மெக்கானிக் நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது சிரிப்பாகவும் இருந்தது, கண்ணில் தண்ணீரும் இருந்தது. சாய்ந்து நின்ற வண்டியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவன் ஒரு பாறையில் உட்கார்ந்து முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அப்ப நான் இல்ல" என்றான். "என் கை போயிடுச்சுன்னு நினைச்சேன்."

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. வாயால் வண்டி, வண்டி என்று சண்டை போட்டானே தவிர, மனசுக்குள் அவன் அதை நம்பவே இல்லை. மனைவி ஓட்டினால் நேராகப் போகிற வண்டி தான் ஓட்டினால் ஒதுங்குகிறது என்றால், கோளாறு தன்னிடம்தான் என்று முடிவே கட்டிவிட்டான். யாருக்கும் தெரியாமல் கண் மருத்துவரிடம் போய் வந்திருக்கிறான். கண்ணில் ஒன்றுமில்லை என்றதும், அப்படியானால் கைதான் என்று இன்னும் பயந்திருக்கிறான். டீயைக் குவளையில் தளும்பத் தளும்ப ஊற்றி, நடுங்குகிறதா என்று தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறான். நாலு பேரை நம்பிக்கையாக ஏற்றிப் போய்ப் பள்ளத்தில் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பில்தான் ஏரிக்குக் கேட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறான். வண்டியை விற்றுவிட்டு வேறு ஏதாவது வேலை தேடலாமா என்றுகூட யோசித்திருக்கிறான்.

மெக்கானிக் கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் ரகசியம் இன்னும் மோசமானது என்று அவளுக்குத் தோன்றியது.

"நீங்க குளிக்கப் போற நேரமெல்லாம் நான் வண்டிக்கடியிலதான் இருந்தேன்" என்றாள். "பட்டையை அளந்து அளந்து பாத்தேன். போல்ட்டைக் கழட்டி மறுபடி மாட்டினேன். நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு எனக்குத் தெரியும். என்னன்னுதான் தெரியல. தெரியாததைச் சொல்ல வாய் வரல."

நாத்தனார் இருவரையும் பார்த்தாள். வெயில் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டாள். "ஆக, அவன் தன்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டு உன்னைத் திட்டியிருக்கான். நீ உன்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டு அவனைத் திட்டியிருக்க. நடுவுல பெட்ரோல் செலவு பண்ணி நான் எதுக்கு வந்தேன்?"

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். டீயை ஊற்றி, மூடியிலும் குவளையிலுமாகப் பகிர்ந்து குடித்தார்கள். குடித்து முடித்ததும் வேலையைப் பார்த்தார்கள். வாய்க்காலில் இறங்கிய சக்கரத்துக்கு அடியில் கல் கொடுத்து, அக்காவும் தம்பியும் தோளால் தள்ள, மெக்கானிக் எஞ்சினை உறுமவிட்டு வண்டியை வெளியே எடுத்தாள். புதரின் பாதி பம்பரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சரிவு முடிகிற இடத்தில் கொஞ்சம் சமதரை இருந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் குடைந்தது ஒரே கேள்விதான். ஒரே வண்டி, ஒரே பாதை. தனக்கு ஒருமுறைகூட ஒதுங்காதது இவர்கள் இருவருக்கும் ஏன் ஒதுங்கியது? நாத்தனாருக்கும் ஏறும்போது ஒதுங்கவில்லையே, இறங்கும்போது மட்டும் ஏன்? பிறகு அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அண்ணி, மேல ஏறும்போது ஸ்டியரிங்கை எப்படிப் புடிச்சிருந்தீங்க?"

"பஸ்ல புடிக்கிற மாதிரிதான். ரெண்டு விரல்."

"இறங்கும்போது?"

"இறங்கும்போது உயிரைப் புடிக்கிற மாதிரி புடிச்சேன்" என்றாள் நாத்தனார்.

மெக்கானிக் தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். பழுது பார்க்க வருகிற வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்டியரிங்கை விட்டும் விடாமலும் பிடிப்பது அவள் வழக்கம். கை தானாகவே அப்படித்தான் பிடிக்கும். அவள் கணவனோ, பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற பொறுப்பில் எப்போதும் இறுக்கிப் பிடிக்கிறவன்.

அவள் எஞ்சினை அணைத்தாள். கியரைப் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். ஸ்டியரிங்கை யாரும் தொடக் கூடாது என்றாள். பிறகு அக்காவையும் தம்பியையும் முன் பம்பரில் ஏறி நிற்கச் சொன்னாள்.

"ஏறி?" என்றான் டிரைவர்.

"குதிங்க."

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் அக்காவுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டு, தானும் ஏறினான். பானெட்டைப் பிடித்துக்கொண்டு இருவரும் குதித்தார்கள். வண்டியின் முன்பக்கம் அமுங்கியது, எழுந்தது, அமுங்கியது. உள்ளே, ஆளில்லாத இருக்கைக்கு முன்னால், ஸ்டியரிங் தானாக வலது பக்கம் திரும்பியது. வண்டி எழுந்ததும் இடது பக்கம் திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் உட்கார்ந்து சாவகாசமாக ஓட்டுவது போலிருந்தது. மெக்கானிக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அவளுக்கு உடனே கணவனுக்கும் அதைக் காட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் இறங்கினால் குதிக்க ஆள் போதாது. நாத்தனாருக்கும் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, கழுத்தில் தொலைநோக்கிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கணவனும் மனைவியும் பாதையில் நடந்து வந்தார்கள். பறவை பார்க்க வந்தவர்கள். நடுக்காட்டில் இரண்டு பெரியவர்கள் வண்டியின் பம்பரில் நின்று குதிப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டார்கள். நாத்தனார் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற அதே குரலில் விஷயத்தைச் சொல்லி அவர்களைக் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்குக் கட்டுப்படாமல் இருப்பது சுலபமில்லை. தொலைநோக்கிகளைக் கழற்றி ஒரு பாறை மேல் வைத்துவிட்டு இருவரும் பம்பரில் ஏறிக் குதித்தார்கள். முதலில் கூச்சமாக, பிறகு உற்சாகமாக. இந்தப் பக்கம் மூன்று பேரும் ஜன்னலில் தலையை ஒட்டவைத்துக்கொண்டு ஸ்டியரிங் ஆடுவதைப் பார்த்தார்கள். போதும் என்று சொன்ன பிறகும் பறவை பார்க்க வந்த அம்மாள் இன்னும் நாலு தரம் குதித்தாள்.

அவர்கள் போன பிறகு மெக்கானிக் கணவனை வண்டிக்கடியில் படுக்கச் சொல்லி, தானும் பக்கத்தில் படுத்து, விரலால் தொட்டுக் காட்டினாள். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு ஒரு கம்பி போகிறது. பழைய உயரத்தில் அது கிட்டத்தட்ட படுக்கையாக இருந்தது. வண்டியை மட்டும் நாலு விரல் தூக்கியதில், கம்பியின் ஒரு முனை மேலே போய்விட, அது ஏணி சாய்த்த மாதிரிச் சரிவாகிவிட்டது. சக்கரம் கல் மேல் ஏறினால், சரிந்த கம்பி மறுபடி படுக்க இடம் தேடும். பக்கவாட்டில் எதையாவது தள்ளித்தான் ஆக வேண்டும். கையைத் தளர்வாக வைத்தால் அது ஸ்டியரிங்கைத் தள்ளும், வண்டி நேராகப் போகும். கையை இறுக்கினால் சக்கரத்தைத் தள்ளும், வண்டி ஒதுங்கும்.

"அப்ப வண்டியும் தப்பு, கையும் தப்பு" என்றான் அவன், அண்ணாந்து படுத்தபடி.

"கை தப்பில்ல. பயந்தா யாரா இருந்தாலும் இறுக்கித்தான் புடிப்பாங்க. பயமுறுத்தினது வண்டி. வண்டியை அப்படிப் பண்ணது நான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "பட்டையைத் தூக்கின சந்தோஷத்துல கம்பியை மறந்துட்டேன். நீங்க சொன்னப்பவே குனிஞ்சு பாத்திருக்கணும்."

அவள் முழங்கையில் ஒட்டியிருந்த முள் ஒன்றை எடுத்துப் போட்டான். வெளியே நாத்தனாரின் செருப்புகள் பொறுமையில்லாமல் தரையைத் தட்டின. வண்டிக்கடியில் குடித்தனம் நடத்தியது போதும், வெயில் ஏறுகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் இருவரும் வெளியே வந்தார்கள்.

கோளாறு இன்னதென்று தெரிந்துவிட்டாலும் அது சொன்னவுடன் சரியாகிவிடவில்லை. மெக்கானிக் முதலில் கம்பியின் மேல்முனையைக் கீழே இறக்கிப் பார்த்தாள். கம்பி படுக்கையானது, ஆனால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் பட்டையில் போய் இடித்தது. கழற்றி எறிந்தாள். பிறகு யோசித்து, கீழ்முனையை மேலே கொண்டுவரலாம் என்று முடிவு செய்தாள். அட்டையில் வரைந்து வெட்டி, சக்கரத்தருகில் வைத்துப் பொருத்திப் பார்த்து, கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கிற கையைக் கனமான இரும்பில் புதிதாகச் செய்தாள். துளை போடுவதற்கு மட்டும் லேத்துப் பட்டறைக்குப் போனாள். இந்த முறை ஷட்டர் முழுக்கத் திறந்தே இருந்தது. டிரைவரும் வெளியே கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். எடுத்துக் கொடுத்ததில் பாதி தவறான அளவு. அவள் பொறுத்துக்கொண்டாள்.

மாட்டி முடித்ததும் தெருவில் வைத்துச் சோதனை. எதிர்க்கடைக்காரரும் தையற்காரரும் பம்பரில் ஏறிக் குதித்தார்கள். இந்தத் தடவை ஸ்டியரிங் அசையவே இல்லை. தையற்காரருக்கு ஏமாற்றம், ஏதோ வித்தை காட்டப்போகிறார்கள் என்று நினைத்து வந்திருந்தார். ஒன்றும் நடக்காததுதான் வித்தை என்று மெக்கானிக் விளக்கியும் அவர் சமாதானமாகவில்லை.

அடுத்த விடுமுறைக்கு நாத்தனார் கூப்பிடாமலே ஃபிளாஸ்க்கோடு வந்துவிட்டாள். இந்த முறை டிரைவர் ஓட்டினான். பாதை தொடங்கியதும் அவன் கைகள் வழக்கம் போல இறுகின. மெக்கானிக் அதைப் பார்த்தாள். முதல் கல் வந்தது. சக்கரம் ஏறியது, வண்டியின் ஒரு பக்கம் தூக்கியது, இறங்கியது. வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அடுத்த கல்லுக்கு அவன் வேண்டுமென்றே விரல்முட்டி வெளுக்கும்படி இறுக்கிப் பிடித்தான். அப்போதும் நேராகவே போனது. பெரிய கல்லாகத் தேடித் தேடி ஏற்றினான். பாதையில் இல்லாத கல்லின் மேல்கூட ஓரமாகப் போய் ஏற்றினான்.

"மெதுவா. புதுப் பட்டை" என்றாள் அவள்.

"இறுக்கித்தான் புடிச்சிருக்கேன், பாரு" என்றான் அவன். அவன் குரலில் அந்தப் பழைய துள்ளலைக் கேட்டு அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். ஏரிக்கரையில் சிக்னல் கிடைத்ததும் அவன் இறங்கி நின்று, முன்பு திருப்பி அனுப்பிய ஆட்களை வரிசையாகக் கூப்பிட்டான். பாதை இப்போதுதான் காய்ந்தது என்றான்.

நாத்தனார் மட்டும் வழி நெடுகப் பேசாமல் வந்தாள். கதை இல்லை, கிண்டல் இல்லை. இறங்கும் நேரத்தில் சாவியைக் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். அன்றைக்குப் புதருக்குள் போனதிலிருந்து பேருந்தில்கூடத் தன் கை இறுகிப்போகிறது என்றாள். திருப்பங்களில் வேகம் குறைக்கிறேன், அக்கா ஏன் இன்று லேட்டு என்று பிள்ளைகளே கேட்கிறார்கள் என்றாள். தம்பியும் தம்பி மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி சாவியைக் கொடுத்துவிட்டுப் பின் இருக்கையில் ஏறிக்கொண்டான்.

சரிவின் முனையில் அவள் நிறுத்தினாள். கீழே, ஒரு பக்கம் மொட்டையான புதர் இன்னும் அப்படியே இருந்தது. அவள் மூச்சை இழுத்துவிட்டு இறக்கினாள். கைகள் இரண்டும் இறுகித்தான் இருந்தன. அதே பாறை வந்தது. சக்கரம் ஏறியது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூச்சைப் பிடித்தார்கள். வண்டி பாறையைத் தாண்டி, புதரைத் தாண்டி, ஒரு சலனமும் இல்லாமல் கீழே வந்து சமதரையில் நின்றது.

நாத்தனார் திரும்பிச் சரிவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "ரெண்டு பேரும் இறங்குங்க" என்றாள்.

"ஏன்க்கா?"

"இன்னொரு தடவை. தனியா."

அவர்கள் இறங்கினார்கள். வண்டி திரும்பி, தூசியைக் கிளப்பிக்கொண்டு சரிவில் ஏறியது. மேலே போய்த் திரும்பி, இறங்கி வந்தது. அவர்கள் பக்கத்தில் நிற்காமலே வளைந்து மறுபடி ஏறியது. இப்போது ஜன்னலில் ஒரு முழங்கை தெரிந்தது. மெக்கானிக்கும் டிரைவரும் ஒரு பாறையில் உட்கார்ந்து, சக்கரங்கள் ஏறி இறங்குவதையும் வண்டி நேராகப் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை இறங்கி வந்தபோது நாத்தனார் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"இவ இப்போதைக்கு வர மாட்டா" என்றான் டிரைவர். "டீயாவது குடிப்போம்."

"ஃபிளாஸ்க் வண்டியில இருக்கு" என்றாள் மெக்கானிக்.

வண்டி நாலாவது தடவையாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.